தம்பிக்கு சைக்காலஜிஸ்ட் தேடிய ஆறு மாதம்

பொங்கல் முடிந்து ஓசூருக்குப் போன தம்பி, நாலாம் நாள் ராத்திரி ஒன்றே முக்காலுக்கு போன் செய்தான். "அக்கா, நெஞ்சு அடைக்குது. செத்துருவேன் போல இருக்கு." கூட தங்கியிருந்த பையன்கள் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். விடியும்போது அவனும் நார்மலாகத்தான் இருந்தான். வயது 27.

இரண்டாவது முறை வந்தது பஸ்ஸில், சூளகிரி தாண்டி. கண்டக்டரிடம் சொல்லி நடுவழியில் இறங்கி, ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது முறை எங்கள் வீட்டிலேயே, சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் வியர்த்துக் கொட்ட எழுந்து உட்கார்ந்தான். மறுபடி ஈசிஜி. இந்த முறை பணியில் இருந்த இளம் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இதயத்துல ஒண்ணும் இல்லம்மா. இது பேனிக் அட்டாக் மாதிரி தெரியுது, திடீர்னு வர்ற கடுமையான பயம். மனநல டாக்டரை ஒரு தடவை பார்த்துடுங்க."

அம்மாவுக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. "பொண்ணு பாக்கற நேரத்துல இதென்ன பேச்சு? வெளியில தெரிஞ்சா யாரு குடுப்பா?" என்று முனியப்பன் கோவிலுக்குக் கூட்டிப்போய் கயிறு கட்டிவிட்டு வந்தார். நான் தடுக்கவில்லை. அன்று ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான் என்பதும் உண்மை. அடுத்த வாரம் மறுபடி வந்தது.

நான் கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம் போகிற வழியில் ஒரு சின்ன இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், ஓய்வூதிய விண்ணப்பம் என்று நாள் முழுக்க ஊர்க்காரர்களின் காகிதங்களோடுதான் பிழைப்பு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான், சொந்தத் தம்பிக்கு என்று வந்தபோது எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் 6,000 ரூபாயைத் தொலைத்தேன். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போனில் "கிருஷ்ணகிரி சைக்காலஜிஸ்ட்" என்று தேடினால் பாதி பெங்களூரு, கால்வாசி சேலம், மீதி ஆன்லைன் ஆப். ஊருக்குள் என்று வந்தது மூன்று நான்கு பெயர்கள்தான். அதில் படம் பளிச்சென்று இருந்த ஓர் இடத்துக்கு போன் செய்தேன். நான் கேட்டது ஒரே கேள்வி: "இன்சூரன்ஸ் எடுத்துக்குவீங்களா?" அந்தப் பக்கம் இருந்த பெண் யோசிக்கவே இல்லை. "எல்லா இன்சூரன்ஸுக்கும் பில் குடுப்போம் மேடம்."

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. பில் கொடுப்பதும், அந்தப் பில்லுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுப்பதும் இரண்டு வேறு வேறு விஷயம். பில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். என் கடையில் ஜெராக்ஸ் எடுத்தால் நான்கூடக் கொடுப்பேன்.

போனோம். பத்து அமர்வுக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை, 6,000 ரூபாய் என்றார்கள். கட்டினேன். இரண்டு முறை போனதும் தம்பி, "அக்கா, அவரு நான் பேசறதைவிட அதிகமா பேசறாரு. பாசிட்டிவா இருங்க, யோகா பண்ணுங்கன்னு சொல்றாரு. வேற ஒண்ணும் இல்ல" என்றான். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ்களை நான் அப்போதுதான் கிட்டே போய்ப் படித்தேன். ஒன்று மூன்று மாதப் படிப்பு, ஒன்று ஆன்லைன் படிப்பு, ஒன்று ஏதோ சங்கம் கொடுத்த பாராட்டு. மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பேக்கேஜ் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். சரி, இன்சூரன்ஸிலாவது வரட்டும் என்று பில்லை தம்பியின் கம்பெனி பாலிசிக்கு அனுப்பினோம். பத்து நாளில் ரிஜெக்ட். காரணம் இரண்டு: புறநோயாளி சிகிச்சை இந்தப் பாலிசியில் இல்லை, பில்லில் சிகிச்சை அளித்தவரின் பதிவு எண் இல்லை.

அந்த இரண்டு வரிக் காரணத்துக்குள்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டிய எல்லாமே இருந்தது.

முதலில் ஆட்களைப் பற்றி. நம் ஊரில் "மனசு டாக்டர்" என்ற ஒரே சொல்லில் மூன்று விதமான ஆட்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சைக்கியாட்ரிஸ்ட் என்றால் எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்த டாக்டர். எம்.டி. என்றோ டி.பி.எம். என்றோ போர்டில் இருக்கும், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எம்பிபிஎஸ் டாக்டர் அல்ல. உளவியலில் முதுகலைக்கு மேல் எம்.ஃபில். போன்ற மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். இந்தக் கவுன்சிலை எல்லோரும் ஆர்சிஐ என்பார்கள், 1992 சட்டத்தின்படி அமைந்தது. பேச்சு வழி சிகிச்சையும் உளவியல் பரிசோதனைகளும் இவர் வேலை. மாத்திரை எழுத மாட்டார், எழுதக் கூடாது. மூன்றாவது கவுன்சிலர். நல்ல படிப்பும் நல்ல காதும் உள்ள கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ள முடிகிறது என்பதுதான் பிரச்சினை.

ஆர்சிஐ பதிவை நாமே சரிபார்க்கலாம். சிஆர்ஆர் எண் என்று ஒன்று கொடுத்திருப்பார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டால் என்ன தகுதியில் பதிவு என்று வரும். எண்ணைக் கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம். பிறகு நாங்கள் போனவர் நான் கேட்கும் முன்பே விசிட்டிங் கார்டைத் திருப்பிக் காட்டினார், பின்பக்கம் எண் அச்சிட்டிருந்தது.

ஆனால் அவரிடம் போவதற்கு முன் ஒரு சுற்று இருக்கிறது. எங்கள் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் அக்கா ஒருவர் உண்டு. அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் தொடங்கி வைத்ததே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. அப்பாவின் மாத்திரையைக் கொடுக்க வந்தவர் தம்பியைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரியாஸ்பத்திரில மனநலத்துக்குத் தனி ஓபி இருக்குதே, ஏன் காசு குடுத்து அலையறீங்க?" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் வெட்கம். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று நாடு முழுக்க 1996லிருந்து படிப்படியாக வந்திருக்கிறது. மனநல டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழு. மாவட்டத் தலைநகரில் மட்டுமல்ல, குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் வருவார்கள். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை அந்தந்த ஆஸ்பத்திரி ஓபி சீட்டு கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளலாம். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008லேயே வந்துவிட்டது, கிருஷ்ணகிரியில் 2022இல் வந்தது. நான் படிக்கிற காலத்தில் கொஞ்சம் பெரிய நோய் என்றாலே சேலம், இல்லையென்றால் பெங்களூரு. அந்தப் பழைய பயம் இன்னும் எங்கள் தலைமுறைக்கு விடவில்லை போல.

போனோம். கூட்டம் இருந்தது, இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் தம்பியிடம் பத்து நிமிடம்தான் பேசினார், ஆனால் சரியான பத்து நிமிடம். தைராய்டு சோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மாதிரி படபடப்பும் வியர்வையும் வருமாம், அதை முதலில் ஒதுக்கிவிட வேண்டும் என்றார். அதற்கு முன் பார்த்த டாக்டர்கள் இரண்டு முறை ஈசிஜி எடுத்தும் இதைச் சோதிக்கவில்லை. சோதனை நார்மல் என்று வந்ததும் மாத்திரை ஆரம்பித்தார். "இது தூக்க மாத்திரை இல்லப்பா. வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும். நாலு நாள்ல ஒண்ணும் தெரியலன்னு நிறுத்திடாத. நல்லாயிட்டேன்னு நீயாவும் நிறுத்திடாத" என்று இரண்டு முறை சொன்னார். டாக்டருக்கும் மாத்திரைக்கும் ஒரு ரூபாய் செலவில்லை.

கூடவே வாராவாரம் பேச்சு வழி சிகிச்சையும் வேண்டும் என்றார். அங்கேயே உளவியலாளர் இருந்தார், ஆனால் தம்பிக்கு விடுப்பு கிடைக்கிற நாளும் அவருக்கு நேரம் இருக்கிற நாளும் ஒத்துவரவில்லை. அவன் வேலைக்குத் திரும்பிவிட்டால் ஓசூரிலேயே பார்ப்பதுதான் நடக்கிற காரியம். டாக்டரிடமே கேட்டு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டேன். அந்தக் கடிதம் பிறகு எவ்வளவு உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

இந்த இடைவெளியில் ஒரு ராத்திரி, மாத்திரை ஆரம்பித்த முதல் வாரம், மறுபடி வந்தது. 14416க்கு போன் செய்தோம். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் ஆரம்பித்த இலவச எண். 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அந்தப் பக்கம் பேசிய பெண் அவனைக் காலைத் தரையில் அழுத்தி வைக்கச் சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லி, அறையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஃபேன் இருக்கு. பீரோ இருக்கு. அக்கா அழுதுட்டு இருக்கா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது நிமிடத்தில் அடங்கியது.

ஊரில் எல்லோரும் சொன்னது "நிமான்ஸுக்குப் போங்க" என்றுதான். பெங்களூருவில் இருக்கிற மனநல ஆஸ்பத்திரி. பெரிய இடம், நல்ல இடம், ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் தொண்ணூறு கிலோமீட்டர்தான். சிக்கலான நோய்க்கு அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் பேச்சு வழி சிகிச்சை ஒருநாள் வேலை இல்லை, வாரம் ஒரு முறை என்று இரண்டு மூன்று மாதமாவது போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனால் மூன்றாவது வாரம் நின்றுவிடும். எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பெயரைவிடப் பக்கத்து பஸ் ஸ்டாப் முக்கியம்.

மொழியும் அப்படித்தான். ஆன்லைனில் ஒருவரிடம் ஒரு அமர்வு முயன்றான். சென்னைக்காரர், நன்றாகப் படித்தவர், பாதிக்கு மேல் இங்கிலீஷ். "உங்க தாட்ஸ் என்ன?" என்று கேட்டால் இவன் என்ன சொல்வான்? "திக்குனு இருக்கு", "உள்ளுக்குள்ள உதறுது" என்று சொல்கிறவனுக்கு அதைக் கேட்டுப் புரிந்துகொள்கிற ஆள் வேண்டும். ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும், அதனால் போனிலேயே "தமிழ்ல பேசுவாரா?" என்று கேட்டேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது, கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இனி காப்பீட்டுக்கு வருகிறேன். ரிஜெக்ட் கடிதம் வந்த அன்று எனக்கு ஒரே கோபம். மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதாக எங்கேயோ படித்திருந்தேன். தேடி எடுத்துப் படித்தேன். உண்மைதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு. சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது, அதே ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் எல்லா நிறுவனங்களுக்கும் சுற்றறிக்கை விட்டது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும்.

"அதே அடிப்படையில்." இந்த இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து 300 ரூபாய் கொடுத்தால் அதற்கு இன்சூரன்ஸில் பணம் வருகிறதா? வருவதில்லை. 24 மணி நேரம் பெட்டில் சேர்ந்திருந்தால்தான் வரும். அப்படியானால் படபடப்புக்கு உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாலும் அதே கதிதான். சட்டம் நமக்குச் சமத்துவத்தைக் கொடுத்திருக்கிறது, சாதாரணப் பாலிசி அந்தச் சமத்துவத்தோடு இரண்டையுமே வெளியே நிறுத்துகிறது! கடுமையான மனச்சோர்வு என்று ஒருவரை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் இந்தச் சட்டம் பெரிய பலம். மனநோய் என்பதற்காக மட்டும் மறுத்தால் சண்டை போடலாம். 155255 என்ற எண்ணில் ஆணையத்திடம் புகார் செய்யலாம், அதற்கு மேல் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் இல்லை. ஆனால் வாராவாரம் சைக்காலஜிஸ்டைப் பார்க்கிற செலவுக்கு, பாலிசியில் ஓபி, அதாவது புறநோயாளி சிகிச்சை, என்ற தனிச் சேர்க்கை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே கிளினிக்கில் கேட்ட அந்தக் கேள்வியே தப்பு. அவர்களுக்கு என் பாலிசியைப் பற்றி என்ன தெரியும்? கேட்க வேண்டிய இடம் பாலிசிக்காரனிடம். அதுவும் வாய் வார்த்தையாக இல்லை. கஸ்டமர் கேரில் ஒரு பையன் "கவர் ஆகும் மேடம்" என்றான், அடுத்த நாள் இன்னொரு பெண் "ஆகாது" என்றார். மூன்றாவது முறை டிபிஏவுக்கு, அதாவது கம்பெனி பாலிசியின் க்ளெய்ம்களைப் பார்க்கிற இடைநிலை நிறுவனத்துக்கு, மெயில் எழுதினேன். விண்ணப்பம் எழுதுவதுதானே என் தொழில். பாலிசி எண் போட்டு, இந்தப் பாலிசியில் புறநோயாளி சிகிச்சை உண்டா, உண்டு என்றால் வருடத்துக்கு எவ்வளவு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்டின் அமர்வு அதில் சேருமா, மனநல டாக்டரின் பரிந்துரை வேண்டுமா, பில்லில் என்னென்ன இருக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. இப்போதைய பாலிசியில் இல்லை. ஏப்ரல் 1 புதுப்பித்தலின்போது ஊழியர் விரும்பினால் கூடுதல் பிரிமியம் கட்டி ஓபி சேர்த்துக்கொள்ளலாம், வருடத்துக்கு 5,000 ரூபாய் வரை. பதிவு பெற்ற மனநல டாக்டரின் பரிந்துரையும், ஆர்சிஐ எண்ணோடு கூடிய பில்லும் இருந்தால் சைக்காலஜிஸ்ட் கட்டணம் சேரும். கேஷ்லெஸ் கிடையாது, கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

தம்பி இதற்கு ஒத்துக்கொள்ளவே இரண்டு நாள் ஆனது. எச்.ஆருக்குத் தெரிந்துவிடும் என்று பயம். ஓபி சேர்ப்பது பல்லுக்கும் கண்ணுக்கும் எல்லோரும் செய்வதுதான், அதை வைத்து யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்று சொன்னேன். பில்களை எச்.ஆர். வழியாகக் கொடுக்காமல் டிபிஏவின் ஆப்பில் நேராக ஏற்றலாமா என்று இன்னொரு மெயில் போட்டுக் கேட்டு, "ஏற்றலாம்" என்ற பதிலை அவனுக்குக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டான். நம் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையும் அதே 2017 சட்டத்தில் இருக்கிறது.

ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, இருக்கிறவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. மாதச் சம்பளம் 21,000க்குள் இருந்தால் ஓபி, மாத்திரை, சிறப்பு டாக்டர் எல்லாமே அதற்குள் வந்துவிடும். மனச்சிதைவு மாதிரி சில கடுமையான மனநோய்களுக்கு நீண்டகாலச் சம்பள உதவியும் உண்டு. தம்பி இரண்டு வருடம் முன்பு 21,000ஐத் தாண்டியதைக் கொண்டாட ஜூஸ் வாங்கிக் கொடுத்தான். முதலமைச்சர் காப்பீடு அம்மா அப்பா பெயரில் இருக்கிறது, வருட வருமானம் 1,20,000க்குள் உள்ள குடும்பத்துக்கு. அதுவும் படுக்கையில் சேர்ந்தால்தான்.

இன்னொன்று. வேலை மாறினால் கம்பெனி பாலிசி போய்விடுமே என்று அவன் பெயரில் தனியாக ஒன்று எடுக்கப் பார்த்தேன். வந்த ஏஜென்ட் தெரிந்தவர்தான், நல்ல மனுஷன். "இந்த மாத்திரை விஷயத்தை எழுத வேணாம்மா, சும்மா சிக்கல்" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கியது. மறைத்து எடுத்தால் நாளைக்குக் கால் உடைந்து போனாலும் "உண்மையை மறைத்தீர்கள்" என்று பாலிசியையே ரத்து செய்ய இடம் கொடுத்த மாதிரி. எழுதச் சொன்னேன். இந்த நோய்க்கு மட்டும் மூன்று வருடம் காத்திருப்பு என்று போட்டுக் கொடுத்தார்கள். முன்பே இருக்கும் நோய்க்கு இப்போது 36 மாதத்துக்கு மேல் காத்திருப்பு வைக்க முடியாது. இருக்கட்டும், மூன்று வருடம் ஓடிவிடும்.

ஓசூரில் அந்த சைக்காலஜிஸ்டிடம் ஏப்ரலில் ஆரம்பித்தான். அமர்வுக்கு 1,200 ரூபாய், 50 நிமிடம். முதல் நாளே எத்தனை அமர்வு ஆகலாம் என்று சொல்லிவிட்டார், முன்பணம் கேட்கவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்தார்: எப்போது வந்தது, அதற்கு முன் என்ன நினைத்தான், எத்தனை நிமிடம் இருந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். பிறகு பயந்து ஒதுக்கிய இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். முதல் இடம் சூளகிரி பஸ். ஒரு ஸ்டாப் மட்டும் போய் இறங்கினான், அடுத்த வாரம் மூன்று ஸ்டாப். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தான், கையில் அம்மாவுக்கு ஒரு பை செந்தூரா. அம்மா பழத்தை வாங்கிக்கொண்டு, "அந்த டாக்டரம்மாவுக்கும் ரெண்டு கிலோ குடுத்துட்டுப் போ" என்றார். டாக்டர் இல்லை, சைக்காலஜிஸ்ட் என்று நான் திருத்தவில்லை.

எட்டு அமர்வு, 9,600 ரூபாய் ஆனது. அதில் 5,000 திரும்பி வந்தது. முதல் க்ளெய்மை மட்டும் ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள், பரிந்துரைக் கடிதத்தில் தேதி தெளிவாகத் தெரியவில்லை என்று. மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றினேன். அந்தப் பழைய 6,000க்காக நான் இன்னும் மாதம் ஒரு முறை போன் செய்கிறேன், அவர்களும் மாதம் ஒரு முறை எடுக்காமல் இருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை தம்பி கடைக்கு வந்து ஒரு காகிதத்தை ஸ்கேனர் மேல் வைத்தான். கடைசி அமர்வின் பில். 5,000 முடிந்துவிட்டதே, இது எதற்கு என்றேன். "ஃபைல்ல இருக்கட்டும்க்கா" என்றான். பழக்க தோஷத்தில் மேலே பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்தேன். அவனே அதைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தான்.